உமி, உப்பு, வண்டல்: மண்பாண்டக் கலையில் டெல்டாவின் பங்கு

வடக்கிலிருந்து இறங்கி வரும் சோழமண்டலக் கடற்கரை மேற்கே திரும்பும் மூலைதான் கோடியக்கரை. காவிரி கொண்டுவந்த வண்டலும் கடல் ஒதுக்கிய மணலும் சேர்ந்து உருவான நிலம் இது. ஒருபுறம் உலக்கைப்பாலை மரங்கள் நிறைந்த பசுமைமாறாக் காடு, புல்வெளியில் வெளிமான்கள். மறுபுறம் சேற்றுப்பரப்பு, குளிர்காலத்தில் வந்து இறங்கும் பூநாரைகள், அதையடுத்து வேதாரண்யத்தின் உப்பளங்கள். 1967-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தப் பகுதி, 2002-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது.

வேளாண் துறையில் இருப்பவர்களுக்கு இந்த மூலை என்றாலே நினைவுக்கு வருவது பிரச்சினை மண். உவர், வடிகால் இன்மை, கோடையில் வெண்மையாகப் பூக்கும் உப்பு என்று பட்டியல் நீளும். ஆனால் மண்ணையே முதலாகக் கொண்ட இன்னொரு தொழில் இருக்கிறது. மண்பாண்டக் கலைஞர்கள் இதே களிமண், உமிச்சாம்பல், வைக்கோல், உப்பு, சவுக்கு விறகு ஆகியவற்றை வேறு கணக்கில் பார்க்கிறார்கள். அவர்கள் மண்ணைப் பார்க்கும் விதத்தில் விவசாயிக்கும் விரிவாக்கப் பணியாளருக்கும் பயன்படும் செய்திகள் உண்டு. மண்ணை எங்கிருந்து எடுக்கலாம், எங்கிருந்து எடுக்கக் கூடாது என்ற கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறது.

புதுச்சேரியில் எரிந்த சூளை

இயற்கையை ஒட்டிய மண்பாண்டக் கலைக்குத் தமிழகக் கடற்கரையில் நமக்குப் பக்கத்தில் இருக்கும் முன்னோடி, புதுச்சேரியின் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி. ஜப்பானில் மண்பாண்டக் கலை பயின்ற டெபோரா ஸ்மித், கட்டிடக் கலையும் மண்பாண்டக் கலையும் படித்த ரே மீக்கர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1971-ல் அதைத் தொடங்கினார்கள். நம் குயவர்கள் செய்யும் பானை சுமார் 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வேகும். இவர்கள் செய்தது 1250 டிகிரிக்கு மேல் வேகும் ‘ஸ்டோன்வேர்’. பெயர் புதிதாக இருந்தாலும் பொருள் நமக்குப் பழக்கமானதுதான். வீட்டுப் பரணில் இருக்கும் ஊறுகாய் ஜாடியும் ஸ்டோன்வேர் வகையே. தண்ணீர் கசியாது, புளிப்பும் உப்பும் அரிக்காது, தட்டினால் கணீரென்று ஒலிக்கும்.

அங்கே வேலை பார்த்த உள்ளூர்க்காரர்கள் சிலர் பின்னாளில் சொந்தப் பட்டறை வைத்தார்கள். 1980-களிலிருந்து நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்தவர்கள் அங்கே பயின்று சென்றார்கள். இன்று புதுச்சேரி, ஆரோவில் வட்டாரத்தில் பல மண்பாண்டக் கூடங்கள் இயங்குவதற்கு அந்த ஒரு சூளையே தொடக்கம்.

மீக்கர் இன்னொரு சோதனையும் செய்தார். பச்சை மண் கல்லால் வளைகூரை வீடு கட்டி, அதற்குள் சுடாத செங்கல்லையும் ஓட்டையும் அடுக்கி, வீட்டையே சூளையாக வைத்து நாள்கணக்கில் எரித்தார். உள்ளே இருந்த சரக்கும் வெந்தது, வீடும் வெந்தது. 1980-களின் நடுவிலிருந்து 1990-கள் வரை இந்த முயற்சி நடந்தது. பிற்காலத்தில் அவர் சுற்றுச்சூழல் சீரழிவைப் பேசும் பெரிய சுடுமண் சிற்பங்களைச் செய்தார்.

மண்பாண்டத்தில் இயற்கையைக் காட்ட இரண்டு வழிகள் உண்டு. மீன், இலை, பறவை என்று உருவத்தை வரைவது ஒன்று. ஓர் ஊரின் மண்ணும் சாம்பலும் நெருப்பில் எப்படி நடந்துகொள்கின்றனவோ அதை அப்படியே பாத்திரத்தில் தெரிய விடுவது மற்றொன்று. இந்த இரண்டாவது வழியில்தான் விவசாயிக்கு இடம் இருக்கிறது.

வயலுக்கு அடியில் கிடக்கும் களி

ஜப்பானில் பிசென் என்ற ஊரின் பாண்டங்கள் பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்றவை. அவற்றுக்கான களிமண் நெல் வயலுக்கு அடியில்தான் கிடைக்கிறது. மேல் மண்ணை ஒதுக்கி வைத்து, அடியில் இருக்கும் பசையுள்ள களியை எடுத்து, நீண்ட காலம் வெளியில் ஆறப்போட்டுப் பிறகு பயன்படுத்துகிறார்கள். நெல் விளையும் நிலமும் பாண்டம் பிறக்கும் நிலமும் அங்கே ஒன்றுதான்.

காவிரி டெல்டாவில் களிக்குப் பஞ்சம் இல்லை. பழைய டெல்டாவின் களத்தூர், ஆடனூர் மண் தொகுதிகள் களிப்புத்தன்மை மிகுந்தவை. ஆற்றோரத்தில் படுகைத் தொகுதி, அது இலகுவான வண்டல். புதிய டெல்டாவில் மதுக்கூர்த் தொகுதி, அது செம்மண் சார்ந்தது. களத்தூர் மண் கோடையில் ஆழமாக வெடிப்பதை எல்லா விவசாயிகளும் பார்த்திருப்பார்கள். ஸ்மெக்டைட் என்ற வகைக் களிக் கனிமம் அதில் மிகுதி. தண்ணீர் கிடைத்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். குறுவை நடவுக்கு முன் வயலை வெடிக்க வைக்கும் அதே குணம், குயவரின் பச்சைப் பானையையும் நிழலில் காயும்போதே வெடிக்க வைக்கும். அதனால்தான் நம் குயவர்கள் ஏரிக்களியோடு மணலைக் கலந்து மிதிக்கிறார்கள். இந்த விகிதம் ஒவ்வொரு ஊருக்கும் வேறு. அது தலைமுறையாக வரும் மண் அறிவு.

டெல்டாக் களிக்கு இன்னொரு குணமும் உண்டு. இரும்புச் சத்து அதிகம் என்பதால் சுட்டால் சிவக்கும். ஆனால் 1250 டிகிரி வரை கொண்டுபோனால் இத்தகைய மண் தாங்காது. உருக்குலைந்து உட்கார்ந்துவிடும். ஆகவே ஸ்டோன்வேர் செய்கிறவர்கள் அதிக வெப்பம் தாங்கும் வெள்ளைக் களியையும் தீக்களியையும் நாடுகிறார்கள். நெய்வேலி, விருத்தாசலம் பகுதியில் அத்தகைய களி கிடைக்கிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் ஆற்று வண்டல் உயர் வெப்பப் பாண்டத்துக்கு உதவாதா? உதவும், ஆனால் மேல்பூச்சாக. சீக்கிரம் உருகும் குணம் உடலுக்குக் குறை என்றால், பூச்சுக்கு அதுவே நிறை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் கிடைத்த ஆல்பனி வண்டலை வெறும் தண்ணீரில் கரைத்துப் பூசியே அங்குள்ள குயவர்கள் ஜாடிகளுக்குப் பழுப்பு மெருகு ஏற்றினார்கள். காவிரி வண்டலையும் நன்றாகச் சலித்து, கூழாக்கி, சிறு வில்லைகளில் பூசிச் சுட்டுப் பார்த்தால் எந்த ஊர் வண்டல் எந்த நிறம் தரும் என்று தெரிந்துவிடும். அப்படி வரும் பழுப்பும் கருமையும் அந்த ஊர் மண்ணின் நிறமாகவே இருக்கும்.

உமிச்சாம்பல் என்னும் கண்ணாடி

பாண்டத்தின் மேல் பளபளக்கும் மெருகு, உண்மையில் மெல்லிய கண்ணாடிப் படலம். கண்ணாடிக்கு அடிப்படை சிலிக்கா. அந்தச் சிலிக்காவை நிலத்திலிருந்து அதிகம் உறிஞ்சிச் சேர்க்கும் பயிர் நெல். தழைச்சத்தைக் காட்டிலும் கூடுதலாகச் சிலிக்காவை எடுக்கும் பயிர் அது. நெல் இலை அறுப்பதும் உமி சொரசொரப்பாக இருப்பதும் இதனால்தான்.

கணக்கு எளிது. 1 டன் நெல்லை அரைத்தால் சுமார் 200 கிலோ உமி. அதை எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல். அந்தச் சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் வரை சிலிக்கா. சுரங்கத்தில் வெட்டி, ஆலையில் அரைத்துத் தூளாக்கும் பொருளுக்கு இணையான ஒன்றை நம் அரவை ஆலைகள் குவியலாகக் கொட்டி வைத்திருக்கின்றன.

ஜப்பானில் ‘நுக்கா’ என்று ஒரு மெருகு உண்டு. உமிச்சாம்பல், விறகுச் சாம்பல், பெல்ட்ஸ்பார் என்ற பாறைத்தூள் மூன்றையும் ஏறக்குறையச் சம அளவில் கலந்து பூசுவார்கள். சூளையில் அது பால் போன்ற வெண்மையாக உருகிப் படியும். மாஷிகோ ஊரில் வாழ்ந்த புகழ்பெற்ற கலைஞர் ஷோஜி ஹமாடா இதைப் பயன்படுத்தியவர். மூன்று பொருள் எதற்கு என்றால், தனிச் சிலிக்கா உருக 1700 டிகிரி தேவை. விறகுச் சாம்பலில் இருக்கும் சுண்ணாம்பும் சாம்பல் சத்தும் பாறைத்தூளில் இருக்கும் காரமும் சேர்ந்து அந்த உருகுநிலையைக் கீழே இறக்குகின்றன.

உமிச்சாம்பலைக் கையாள்வதில் இரண்டு எச்சரிக்கைகள். கறுப்புச் சாம்பல் முழுதாக எரியாதது. கரி மீதம் இருந்தால் மெருகில் கொப்புளம் வரும், எனவே மீண்டும் எரித்து வெளுக்க வைக்க வேண்டும். அடுத்தது உடல்நலம். அதிக வெப்பத்தில் எரிந்த சாம்பலில் படிக வடிவச் சிலிக்கா இருக்கலாம். அந்தத் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் கெடும். சலிக்கும்போது முகக்கவசம் கட்டாயம். தண்ணீரில் நனைத்துச் சலிப்பது இன்னும் நல்லது. ஆலையிலிருந்து சாம்பலை அள்ளி வயலில் வீசும் விவசாயிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

சாம்பல் முழுவதையும் பாண்டத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லவில்லை. நாற்றங்காலில் உமிச்சாம்பல் இட்டால் நாற்று வேர் அறாமல் பறிக்க வரும். சிலிக்கா கிடைத்த பயிருக்குத் தண்டு உறுதியாகும், குலைநோயையும் தண்டுத் துளைப்பானையும் தாங்கும் திறன் கூடும். ஒரு மண்பாண்டக் கூடத்துக்கு ஆண்டு முழுவதும் தேவைப்படுவது சில மூட்டைச் சாம்பல்தான். மீதி வயலுக்கே போகட்டும்.

வைக்கோல் வரையும் சிவப்புக் கோடு

பிசென் பாண்டங்களில் மெருகே பூசமாட்டார்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பதற்காகப் பாத்திரங்களுக்கு இடையே வைக்கோல் சுற்றி அடுக்குவார்கள். வைக்கோல் எரிந்து போகும். அது தொட்ட இடமெல்லாம் நெருப்புக் கீற்று போலச் சிவப்புக் கோடுகள் விழுந்திருக்கும். யாரும் தூரிகை எடுத்து வரைந்தவை அல்ல. வைக்கோலில் இருந்த சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், மண்ணில் இருக்கும் இரும்போடும் சிலிக்காவோடும் வினைபுரிந்ததன் தடம்.

இதை விவசாயிகள் வேறு விதமாகவும் படிக்கலாம். நெற்பயிர் எடுத்துக்கொள்ளும் சாம்பல் சத்தில் சுமார் 80 சதவீதம் வைக்கோலில்தான் தங்குகிறது, நெல்மணியில் அல்ல. ஒரு பிடி வைக்கோலில் சுட்ட மண்ணில் கோடு போடும் அளவுக்கு அந்தச் சத்து இருக்கிறது. அறுவடை முடிந்ததும் வைக்கோலைக் கட்டுக் கட்டாகக் கட்டி லாரியில் ஏற்றிவிட்டு, அடுத்த பருவத்துக்கு பொட்டாஷ் மூட்டை வாங்குகிறோம். மாட்டுக்கும் சாணத்துக்கும் வழியாக வைக்கோல் வயலுக்குத் திரும்பினால் அந்த மூட்டையில் ஒரு பகுதி மிச்சம்.

உப்பு: வயலுக்குப் பகை, சூளைக்கு மெருகு

வேதாரண்யம் என்றால் உப்பு. 1930-ல் ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாகிரகம் நடந்த மண் இது. மண்பாண்டத் தொழிலில் உப்புக்கு ஒரு தனி இடம் உண்டு. சூளை 1200 டிகிரியைத் தாண்டியதும் சாதாரண உப்பை உள்ளே போட்டால் அது ஆவியாகும். அதன் சோடியம் பாண்டத்தின் மேற்பரப்பில் உள்ள சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடியாகிவிடும். ஆரஞ்சுப் பழத்தோல் போலப் புள்ளி புள்ளியாக மேற்பரப்பு அமையும். ஜெர்மனியில் வளர்ந்த இந்த முறையில்தான் பழைய கழிவுநீர்ச் சுடுமண் குழாய்களுக்கும் மெருகு ஏற்றினார்கள். அப்போது வெளிவரும் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். அதனால் இன்று பல கலைஞர்கள் உப்புக்குப் பதில் சோடா உப்பைப் பயன்படுத்துகிறார்கள். குடியிருப்புகளுக்கு நடுவில் செய்யக் கூடாத வேலை இது.

சோடியம் களிமண்ணை என்ன செய்கிறது என்பதைக் குயவரும் உழவரும் இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள். அச்சில் ஊற்றி வார்க்கும் களிமண் கூழ் கெட்டியாக இருந்தால், மண்பாண்டக் கலைஞர் சோடியம் சிலிக்கேட் சில துளிகள் விடுவார். தண்ணீர் சேர்க்காமலே கூழ் இளகி ஓடும். சோடியம் களித்துகள்களைத் தனித்தனியாகப் பிரித்துவிடுவதே காரணம். வயலில் இதே காரியம் நடந்தால் அது களர் நிலம். துகள்கள் பிரிந்து துவாரங்களை அடைத்துக்கொள்கின்றன. மழை பெய்தால் தண்ணீர் இறங்காது, காய்ந்தால் மேல்மண் கல்லாக இறுகும்.

மருந்தும் இரண்டு தொழிலுக்கும் பொதுவான பொருள்தான். வார்ப்புக்கான அச்சு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்யப்படுகிறது. அது ஜிப்சத்தைச் சூடாக்கிக் கிடைப்பது. வயலில் நாம் இடுவதும் ஜிப்சம். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றி, களித்துகள்களை மீண்டும் திரள வைக்கிறது.

ஆனால் கடலோர விவசாயிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெண்மையாகப் பூக்கும் நிலத்துக்கெல்லாம் ஜிப்சம் தீர்வு அல்ல. மின்கடத்தும் திறன் 4 டெசி சீமன்ஸுக்கு மேல் இருந்து, கார அமில நிலை 8.5-க்குக் கீழே இருந்தால் அது உவர் நிலம். அதற்குத் தேவை நல்ல தண்ணீரைத் தேக்கி வடிப்பதும், தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரமும்தான். கார அமில நிலை 8.5-க்கு மேல் இருந்து, மாறும் சோடியம் 15 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஜிப்சம் பலன் தரும். அப்போதும் வடிகால் இல்லாமல் ஜிப்சம் இட்டால் பணம் வீண். மண் பரிசோதனைக்குப் பிறகே முடிவு செய்யுங்கள்.

உப்பளச் சேற்றை நேரடியாகப் பானைக்கு எடுக்க முடியாததற்கும் உப்புதான் காரணம். காயும்போது கரைந்த உப்பு மேலே வந்து வெள்ளையாகப் படியும். செங்கல் சுவரில் உப்புப் பூப்பதைப் போலத்தான் இதுவும். கடலோர மண்ணில் இன்னொரு தொல்லை கிளிஞ்சல் துண்டு. சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாக மாறும். சில நாட்களில் காற்றின் ஈரத்தை இழுத்து ஊதி, வெந்த பாத்திரத்திலிருந்து சில்லு சில்லாகப் பெயர்க்கும். அதனால் கோடியக்கரைப் பக்கம் பாண்டம் செய்ய நினைப்பவர்கள் களியை உள்நாட்டு ஏரி, குளங்களிலிருந்து எடுப்பதே சரி.

சவுக்கும் சூளையும்

உயர் வெப்பச் சூளைக்குக் கடற்கரைப் பகுதியில் கைகொடுப்பது சவுக்கு விறகு. புதுச்சேரிக் கலைஞர்களின் சூளைகளிலும் அதுதான் எரிந்தது. மணற்பாங்கான நிலத்தில் வளரும், வேர் முடிச்சுகளில் பிராங்கியா என்ற நுண்ணுயிர் வழியாகக் காற்றின் தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், சில ஆண்டுகளில் வெட்டுக்கு வரும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் வட்டாரத்தின் தென்னையையும் சவுக்கையும் சாய்த்தது நினைவிருக்கும். காகித ஆலைக்கும் கட்டுமானத்துக்கும் போகும் சவுக்கில், கழியாக விலை போகாத கிளையும் சிறு விறகும் சூளைக்குப் போதும். எரிந்த சாம்பலும் வீணாகாது. சலித்து எடுத்தால் அதுவே மெருகுக்கான இரண்டாவது பொருள்.

சுட்ட மண் திரும்பாது

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். களிமண்ணைச் சுடும்போது சுமார் 500 டிகிரிக்கு மேல், அதன் கனிமத்துக்குள்ளேயே பிணைந்திருக்கும் நீர் வெளியேறுகிறது. அதன் பிறகு எத்தனை மழையில் ஊற வைத்தாலும் அது களிமண் ஆகாது. சத்தைப் பிடித்து வைத்துப் பயிருக்குக் கொடுக்கும் குணம் போய்விடும். ஆகவே எந்த மண்ணைச் சுடுகிறோம் என்பது சாதாரண விஷயம் அல்ல.

வயலின் மேல் அரை அடி மண்ணில்தான் கரிமச் சத்தும் நுண்ணுயிரும் இருக்கின்றன. அந்த மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். செங்கல் சூளைக்கு மேல்மண்ணை விற்கும் விவசாயிக்கு அந்த ஆண்டில் பணம் கிடைக்கும். அதற்குப் பிறகு பல பருவங்கள் உரத்தைக் கொட்டினாலும் பழைய விளைச்சல் திரும்புவது கடினம். நிலம் பள்ளமாகி வடிகாலும் கெடும். மேட்டூர்த் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் வடிகால் கெடுவது என்பது உவர் ஏறுவதற்கு வழி திறந்து விடுவது.

பாண்டத்துக்கும் சரி, வயலுக்கும் சரி, எடுக்க வேண்டிய மண் ஏரி, குளங்களில் சேர்ந்திருக்கும் வண்டல். தமிழக அரசு 2024-ல் விதிகளை எளிதாக்கி, வட்டாட்சியர் அளவிலேயே இதற்கு அனுமதி பெற வழி செய்தது. நஞ்சை நிலத்துக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சை நிலத்துக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர், மண்பாண்டத் தொழிலுக்கு 60 கன மீட்டர் என்று அளவு வகுக்கப்பட்டது. நடப்பு ஆண்டில் எந்தெந்த நீர்நிலைகள் பட்டியலில் உள்ளன என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு விண்ணப்பிக்க வேண்டும்.

இந்த எண்களை நிலத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். 75 கன மீட்டர் வண்டலை 1 ஏக்கரில் பரப்பினால் கிடைப்பது 2 சென்டிமீட்டருக்கும் குறைவான படலம். ஆனால் அரை அடி மேல்மண்ணை விற்றால் 1 ஏக்கரிலிருந்து போவது 600 கன மீட்டருக்கு மேல். எட்டு முறை வண்டல் அடித்தால்தான் அந்தப் பள்ளத்தைத் தூர்க்க முடியும். குயவருக்கான 60 கன மீட்டர் என்பது நம் வழக்கில் சுமார் 21 யூனிட்.

மண்ணின் மதிப்பையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு செங்கல்லுக்கு ஏறக்குறைய 3 கிலோ மண். கையால் செய்யும் ஒரு தேநீர்க் கோப்பைக்கு அரை கிலோ போதும். ஒரு செங்கல் மண்ணில் ஆறு கோப்பைகள். விலை வித்தியாசத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. மண்ணைக் குறைவாக எடுத்து, அதில் உழைப்பையும் அறிவையும் அதிகமாகச் சேர்ப்பதுதான் இந்தக் கலையின் பொருளாதாரம். பொங்கலுக்கும் கார்த்திகைக்கும் மட்டும் விற்பனை, மழைக்காலத்தில் வேலையே இல்லை என்றிருக்கும் டெல்டா குயவர் குடும்பங்களுக்கு இது கவனிக்க வேண்டிய வழி. 2023-ல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. புதுச்சேரி வில்லியனூர் சுடுமண் பொம்மைகளுக்கும் அந்தக் குறியீடு உண்டு. ஊர்ப் பெயரால் மண்பாண்டம் விலைபோகும் என்பதற்கு இவை சான்று.

மெருகில்லாப் பானைக்கும் வயலில் வேலை உண்டு

உயர் வெப்பப் பாண்டம் வந்தால் நாட்டுப் பானைக்கு மவுசு போய்விடும் என்று நினைக்க வேண்டாம். கசிவதுதான் அதன் பலம். குறைந்த வெப்பத்தில் சுட்ட, மெருகு பூசாத பானையைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து, தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் சுற்றிலும் உள்ள செடியின் வேருக்கு ஈரம் மெல்லக் கசியும். சீனாவில் 2000 ஆண்டுகளுக்கு முன்பே வேளாண் நூலில் எழுதிவைக்கப்பட்ட முறை இது. ஹரியானாவின் கர்னாலில் உள்ள மத்திய உவர்நில ஆராய்ச்சி நிறுவனமும் இந்தப் பானைப் பாசனத்தை ஆராய்ந்திருக்கிறது. கோடியக்கரை, வேதாரண்யம் பகுதியின் மணற்பாங்கான நிலத்தில் பூசணி, பரங்கி போன்ற கொடிக் காய்கறிக்கும் புதிதாக வைக்கும் மாங்கன்றுக்கும் இது ஏற்றது. பக்கத்து ஊர்க் குயவரிடம் பானை வாங்கும்போது, சக்கரத்தில் நன்றாக மணல் கலந்த களியில் செய்யச் சொன்னால் கசிவு சீராக இருக்கும்.

களியைச் சோதிக்க நான்கு எளிய வழிகள்

குயவரோ, மகளிர் குழுவோ, ஆர்வமுள்ள இளைஞரோ களியைத் தேர்வு செய்யும் முன் இவற்றைச் செய்து பார்க்கலாம்.

1. பசைத்தன்மை: ஈரக் களியைப் பென்சில் பருமனுக்கு உருட்டி விரலில் சுற்றுங்கள். வெடிக்காமல் வளைந்தால் சக்கரத்துக்கு ஏற்றது.

2. சுருக்கம்: களிப் பட்டையில் 10 சென்டிமீட்டர் கோடு கீறி நிழலில் உலர்த்துங்கள். காய்ந்தபின் கோடு 9 சென்டிமீட்டருக்கும் குறைந்தால் சுருக்கம் அதிகம். மணலோ, சுட்ட பானை ஓட்டுத் தூளோ கலக்க வேண்டும்.

3. சுண்ணாம்பு: உலர்ந்த மண் தூளில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்போ கிளிஞ்சலோ இருக்கிறது. மெல்லிய சல்லடையில் சலிக்காமல் பயன்படுத்தாதீர்கள்.

4. உப்பு: காய்ந்த பட்டையின் ஓரங்களில் வெள்ளைப் படிவம் தெரிந்தால் உப்பு உண்டு. சந்தேகம் இருந்தால் மாவட்ட மண் பரிசோதனை நிலையத்திலோ, சிக்கல் வேளாண் அறிவியல் நிலையத்திலோ மின்கடத்தும் திறனைப் பார்த்துக்கொள்ளலாம்.

உணவுக்குப் பயன்படும் பாத்திரத்தில் ஈயம் கலந்த மெருகை எந்தக் காரணத்துக்காகவும் பூசக் கூடாது. விலைக்கு வாங்கும் மெருகுத் தூளில் ஈயம் இல்லை என்று உறுதி செய்த பிறகே வாங்க வேண்டும்.

சரணாலயத்தைத் தொடாமல்

கோடியக்கரையைக் காண வருகிறவர்கள் வேதாரண்யம், வேளாங்கண்ணி, நாகூர் என்று சேர்த்தே பயணம் செய்கிறார்கள். அவர்கள் வாங்கிச் செல்ல இந்த மண்ணின் பொருள் என்று ஒன்று இருந்தால் நல்லது. வெடித்த சேற்றின் கோலம், ஈர மண்ணில் பூநாரை பதித்த காலடி, வெளிமானின் முறுக்குக் கொம்பு, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் மூச்சு வேர்கள் என்று ஒரு கலைஞருக்கு வேண்டிய வடிவங்கள் இங்கே ஏராளம்.

கண்ணால் பார்த்து வடிவத்தை எடுக்கலாம். சரணாலயத்துக்குள்ளிருந்து பொருளை எடுக்கக் கூடாது. ஒரு கூடைச் சேறும் ஒரு கட்டு விறகும்கூட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். எடுக்க வேண்டியதும் இல்லை. களி ஏரியில் இருக்கிறது, உமிச்சாம்பல் ஆலையில் இருக்கிறது, வைக்கோல் களத்தில் இருக்கிறது, உப்பு உப்பளத்தில் இருக்கிறது, விறகு சவுக்குத் தோப்பில் இருக்கிறது. ஐந்தும் ஒரே வட்டாரத்தில் கிடைக்கும் ஊர் அதிகம் இல்லை.

விரிவாக்கப் பணியாளர்கள் இந்த ஆண்டு ஏரி வண்டலுக்கு விண்ணப்பிக்கும் விவசாயிகளோடு, அந்த ஊரின் குயவர் குடும்பங்களையும் சேர்த்து அழைத்துச் செல்லலாம். ஒரே ஏரியில் உழவருக்குத் தேவையான மேல் வண்டலும் குயவருக்குத் தேவையான அடிக்களியும் கிடைக்கும். இருவரும் சேர்ந்து எடுத்தால் ஏரியும் ஆழமாகும், வயலின் மேல்மண்ணும் வயலிலேயே இருக்கும்.